பிரெஸ்ஸாவுக்கு 17 இன்ச் அலாய்: பி.சி.டி. ஒன்றாக இருந்தால் போதுமா?

பாலக்கோடு_பிரெஸ்ஸா

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய விட்டாரா பிரெஸ்ஸா டீசல், டயர் அளவு 215/60 ஆர்16. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, எப்படியும் மாற்றியாக வேண்டும், அதோடு அலாயையும் 17 இன்ச்சுக்கு மாற்றிவிடலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. தினமும் ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய் வருகிறேன், அவ்வப்போது அம்மா, குழந்தைகளோடு அஞ்செட்டி பக்கமும் தொப்பூர் கணவாய் இறங்கி சேலமும் போவோம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஓசூரில் ஒரு கடையில் புது அலாய், 17 இன்ச், 7.5 அகலம், பின்னால் ET35 என்று போட்டிருக்கிறது. இன்னொன்று, மச்சான் தன்னுடைய பழைய கிரெட்டாவிலிருந்து கழற்றிய கம்பெனி வீல் நான்கு, 215/60 ஆர்17 டயரோடு, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டுக்கும் பி.சி.டி. (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 5x114.3 தான், அதாவது 114.3 மில்லி வட்டத்தில் ஐந்து ஓட்டை, அப்படியே மாட்டலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

கிருஷ்ணகிரி_டயர்

தம்பி, பி.சி.டி. ஒத்துப்போனால் ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) ஓட்டைக்குள் நுழையும், அவ்வளவுதான். அதற்கு மேல் நான்கு விஷயம் பார்க்கணும். முதலில் மச்சானுடைய வீலை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம்.

கிரெட்டா வீலின் நடு ஓட்டை 67.1 மில்லி. உங்கள் பிரெஸ்ஸாவின் ஹப், அதாவது வீலின் நடு ஓட்டை வந்து உட்காரும் குமிழ், 60.1 மில்லி. சுற்றிலும் மூன்றரை மில்லி இடைவெளி. வீல் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டுகளை நம்பியே நிற்கும், எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் 80, 90-ல் ஸ்டீயரிங் நடுங்கும். இதற்கு அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடலாம், 67.1-க்கு 60.1 என்று அளவு சொல்லி வாங்க வேண்டும். அடுத்தது நட். சுசுகி ஸ்டட் 12x1.25, ஹூண்டாய் 12x1.5; முதல் எண் ஸ்டட்டின் தடிமன், அடுத்தது மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, இரண்டும் மில்லியில். கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்றிலேயே இறுகிக்கொள்ளும், ஆனால் அவசரத்தில் ஏர் கன் வைத்து அடித்துவிட்டால் ஸ்டட் மரையே போய்விடும். வீலோடு வரும் நட்டைத் தொடவே வேண்டாம்.

இந்த இரண்டையும் சரி செய்தாலும் டயர் அளவில் சிக்கல் வரும். அந்த அளவில் முதல் எண் டயரின் அகலம் மில்லியில், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் இன்ச். உங்கள் 215/60 ஆர்16 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 664 மில்லி, 215/60 ஆர்17 என்றால் 690. கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும் பக்கம் நகரும், கியர் நீளமானது போல் ஏற்றத்தில் வண்டி சோம்பும், ஆட்கள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது டயருக்கு மேலே உள்ள வளைவில் (ஆர்ச்) உரச வாய்ப்பு உண்டு. 3 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது, என்னைக் கேட்டால் 2-ஐத் தாண்டவே விடமாட்டேன். 17-க்குப் போவதென்றால் உங்களுக்கு அளவு 215/55 ஆர்17. அது 668, அரை சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம். மச்சான் டயரை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது ஓசூர் கடை வீல். அதில் ஆஃப்செட் தான் பிரச்சினை. வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த ET எண், எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். உங்கள் பழைய வீலைக் கழற்றிப் பின்னால் பாருங்கள், அகலமும் ET-யும் வார்ப்பிலேயே இருக்கும். ஒரு பேச்சுக்கு 6.5 அகலம், ET50 என்று வைத்துக்கொண்டால், புது 7.5, ET35 வீல் அகலத்தால் ஒவ்வொரு பக்கமும் 12.7 மில்லி கூடும், ஆஃப்செட்டால் 15 மில்லி வெளியே தள்ளும். ஆக வெளி விளிம்பு 27.7 மில்லி வெளியே வரும், உள் விளிம்பு 2.3 மில்லி வெளிப்பக்கம் விலகும். உள்ளே ஒன்றும் உரசாது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும், அதனால்தான் கடையில் இதைத் தள்ளுகிறார்கள். ஆனால் மழையில் கதவு முழுக்கச் சேறு, வீல் பேரிங்குக்குச் சுமை அதிகம், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கும், ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். அகலம் 7, ET45-க்குப் பக்கத்தில் கேளுங்கள்.

அஞ்செட்டி_ரோடு

அண்ணன் சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனால் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். 16-லேயே இருங்கள். அஞ்செட்டி பக்கம் போகிறேன் என்கிறீர்கள், ராயக்கோட்டை ரோட்டிலும் லாரி ஓடி ஓடித் தார் பெயர்ந்த இடங்கள் இருக்கின்றன, இரவில் தெரியவே தெரியாது. 215/60 ஆர்16-ல் டயர் பக்கச்சுவர் 129 மில்லி, 215/55 ஆர்17-ல் 118. அந்த 11 மில்லி ரப்பர்தான் பள்ளத்தின் அடியை வாங்குவது. அது குறைந்தால் அம்மாவுக்கு இடுப்பில் தெரியும், ரிம்முக்கு விளிம்பில் தெரியும். அலாய் வளைந்தால் நிமிர்த்தி ஓட்டலாம் என்பார்கள், விரிசல் விட்டதை வெல்டிங் வைத்துக் கொடுப்பார்கள், இரண்டையும் முன் வீலில் போட்டுத் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயம்.

அழகுதான் வேண்டுமென்றால் 16 இன்ச்சிலேயே நல்ல டிசைன் கிடைக்கிறது, மிச்சப்படும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

கிருஷ்ணகிரி_டயர்

அவர் சொல்வதும் நியாயம். குடும்பத்தோடு அந்த ரோட்டில் அடிக்கடி போவதாக இருந்தால் என் ஓட்டும் 16-க்குத்தான். 17 தான் என்று மனசு நின்றுவிட்டால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.

வீலின் பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், அலாய் வீலுக்கான தரம் ஐ.எஸ் 16192. எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணும் கிலோவில் வார்த்திருக்கும். ஒன்றுமே பொறிக்காத வீலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டயரிலும் சுமைக் குறியீடு பாருங்கள்: 215/60 ஆர்16 வழக்கமாக 95, அதாவது ஒரு டயருக்கு 690 கிலோ. 215/55 ஆர்17-ல் 94 வரும், 670 கிலோ. உங்கள் வண்டிக்கு அது தாராளமாகப் போதும், அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

அப்புறம், பத்து ஓட்டை போட்டு இரண்டு பி.சி.டி.க்கும் பொருந்தும் என்று விற்கும் வீலும், வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தட்டும் வேண்டவே வேண்டாம்.

பாலக்கோடு_பிரெஸ்ஸா

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். மச்சான் வீலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய வீலைக் கழற்றிப் பார்த்தேன், நீங்கள் வைத்துக்கொண்ட அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடையில் கேட்டதற்கு 17x7, ET45 ஒரு செட் வரவழைத்துத் தருகிறோம் என்கிறார்கள். கணக்குப்படி வெளியே 11 மில்லி சொச்சம், உள்ளே ஒன்றரை மில்லிகூட இல்லை. நடு ஓட்டை 73.1, பிளாஸ்டிக் ரிங் கூடவே வருமாம். 16-ஆ 17-ஆ என்பது வீட்டில் இன்னும் பேச்சில் இருக்கிறது. 17 எடுத்தால் மாட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிருஷ்ணகிரி_டயர்

அளவு நல்ல அளவு. ரிங் மட்டும் அலுமினியத்தில் கேளுங்கள், 73.1-க்கு 60.1. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடு ஏறி ஹப் வரைக்கும் வரும், மட்டமான பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டயர் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் ரிம்மை ஹப்பில் மாட்டச் சொல்லுங்கள். டயர் ஏறிவிட்டால் எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார், அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரிம் ஹப் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிகிறதா, முன்னால் பிரேக் காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவே இடம் இருக்கிறதா, நட்டின் கூம்பு ஓட்டையின் கூம்பில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். நட் கையால் திருகி ஒன்பது, பத்து சுற்றாவது போக வேண்டும்.

அது சரியாக இருந்தால் ஒரு முன் வீலுக்கு மட்டும் டயர் ஏற்றி, இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். நான்கு பேரை ஏற்றி உட்கார வைத்து மறுபடியும் திருப்புங்கள். உரசல் இல்லையென்றால் மற்றதை மாட்டலாம். கடைசி முறுக்கு டார்க் ஸ்பேனரில், மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு. ஓசூருக்கு ஒரு முறை போய் வந்ததும் இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள், அலாய் உட்காரும்போது கொஞ்சம் இளகும்.

அஞ்செட்டி_ரோடு

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போடுங்கள். கம்பெனியிலிருந்து வராத அலாயைக் கூடுதல் பொருளாகப் பாலிசியில் சேர்க்காவிட்டால், திருடு போனாலோ உடைந்தாலோ அதற்குக் காசு வராது. பழைய நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டெப்னி பழைய வீலாகவே இருக்கும், புது அலாயின் நட் அதற்குப் பொருந்தாமல் போகலாம், ஒரு வீலுக்கான ஐந்தைத் துணியில் சுற்றி ஜாக்கியோடு வைத்துக்கொள்ளுங்கள்.