மறு: ‘இயற்கையாகப் பிறந்த குடிமகன்’ வேண்டாமே

வணக்கம்.

> நேச்சுரல் பார்ன் சிட்டிசன் = இயற்கையாகப் பிறந்த குடிமகன் என்று பட்டியலில் ஏற்றிவிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மறுப்பு இருக்கிறது ஐயா. அமெரிக்க அதிபர் ஆக ‘நேச்சுரல் பார்ன் சிட்டிசன்’ ஆக இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பு, அதற்குத்தான் நம் கலைச்சொல் பட்டியலில் இந்தத் தமிழ். நேற்று ராத்திரி இதை வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தாமல், “அப்போ சிசேரியன்ல பிறந்தவங்க அமெரிக்காவுல அதிபர் ஆக முடியாதா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்புறமும் இந்தச் சொல்லை எப்படி வைத்திருப்பது?

அந்த ‘நேச்சுரல்’ இயற்கையைப் பற்றியதே இல்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் மன்னரின் ஆட்சிப் பரப்புக்குள் பிறந்தவரை ‘நேச்சுரல் பார்ன் சப்ஜெக்ட்’ என்பார்கள், அந்த வழக்கைத்தான் அமெரிக்க அரசமைப்பு எழுதியவர்கள் 1787-இல் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டான் அதிபராகிப் படைத் தலைமைக்கு வந்துவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு. அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜான் ஜே அந்த ஆண்டு ஜூலை 25-இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் ‘பிறந்த’ என்ற சொல்லுக்கு அடிக்கோடே போட்டிருக்கிறார். ஆக, பின்னால் மனுப் போட்டு, உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கியவர் ‘நேச்சுரலைஸ்டு’. வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் பிறந்த கணத்திலேயே அது கையில் இருந்தவர் ‘நேச்சுரல் பார்ன்’. இந்த எதிர்நிலை தமிழிலும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சொல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

நம் பத்திரிகைகள் எழுதுகிற ‘அமெரிக்காவில் பிறந்தவராக இருக்க வேண்டும்’ என்பதும் தப்புதான், ஆனால் சுலபமாக நம்பிவிடக்கூடிய தப்பு. அமெரிக்க அரசியல்வாதி டெட் குரூஸ் பிறந்தது கனடாவின் கால்கரியில், தாய் அமெரிக்கர், 2016-இல் அதிபர் வேட்பாளராக நிற்கப் பார்த்தார். ஜான் மெக்கெய்ன் பிறந்தது பனாமா கால்வாய் மண்டலத்தில், 2008-இல் கட்சி வேட்பாளராகவே நின்றார், அவர் தகுதியுள்ளவர்தான் என்று செனட் ஒரு தீர்மானமும் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றுவரை அதிபர் தகுதியை வைத்து இந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னதில்லை. அந்நாட்டின் 1790 குடியுரிமைச் சட்டம் கடல்கடந்து பிறந்த குடிமக்களின் பிள்ளைகளையும் இதே சொல்லால்தான் குறித்தது. ஐந்தே ஆண்டில், 1795-இல், அந்த இடத்திலிருந்து ‘நேச்சுரல் பார்ன்’ என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று இன்னும் சண்டை. அந்தச் சண்டையை நம் சொல் தீர்த்துவைக்க வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் இடம் விட்டால் போதும்.

> ‘மண்ணின் மைந்தர்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், வேறு எதுவாகவோ புரியும். 2020-இல் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸை நம் மண்ணின் மகள் என்று கொண்டாடினோம், தாத்தா ஊர் அது. ஆனால் அவருக்குத் தகுதி கொடுத்த மண் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து. துணை அதிபருக்கும் அதே தகுதி வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பின் 12-ஆம் திருத்தம். ஒரே ஆளுக்கு இரண்டு மண் வருகிற சொல்லைச் சட்டத்தில் வைக்க முடியாது.

> ‘வம்சாவளிப் பிரஜை’ எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

கொழும்பு நண்பருக்கு: இருக்கிறது, அதனால்தான் தயங்குகிறேன். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் வம்சாவளிப் பிரஜை என்றால் தான் இலங்கையில் பிறந்ததாகக் காட்டினால் போதாது, தகப்பனாவது அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும், அல்லது அதற்கும் மேலே பாட்டன், பூட்டன் என்று போக வேண்டும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்களே நாடற்றவர்கள் ஆனது அப்படித்தான். அமெரிக்காவில் நேர் எதிர். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், பெற்றோர் குடிமக்களாக முடியாத காலத்திலும் பிறந்த இடத்தால் குடிமகன்தான் என்று 1898-இல் தீர்ப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மலையகத்தவர் யாராவது படித்துவிட்டுச் சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள்.

என் பரிந்துரை: பிறவிக் குடியுரிமை. பிறவிக் கவிஞர், பிறவிக் குருடு என்கிறோமே, அதே ‘பிறவி’. எங்கே பிறந்தார் என்று அது கேட்பதில்லை, பிறக்கும்போதே கூட வந்ததா என்று மட்டும் கேட்கிறது. அதற்குள் பிறந்த இடத்தால் வருவது மண்வழி, பெற்றோரால் வருவது குருதிவழி. எதிர்ச்சொல் ஏற்புக் குடியுரிமை. ‘பிறப்புரிமைக் குடியுரிமை’ என்று சிலர் எழுதுகிறார்கள், இரண்டு உரிமை அடுத்தடுத்து வந்து நாக்கில் இடறுகிறது.

ஆளைக் குறிக்க ‘பிறவிக் குடிமகன்’ மட்டும் வேண்டாம். டாஸ்மாக் இருக்கிற ஊரில் அதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. ‘குடியர்’ அதைவிட மோசம். ‘பிறவிக் குடியுரிமை உடையவர்’ நீளம்தான், பரவாயில்லை, ஆண் பெண் தொல்லையும் தீரும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் ஏற்புக் குடியுரிமை பெற்றவர், ஆகவே கலிஃபோர்னியா ஆளுநர் ஆகலாம், அதிபர் ஆக முடியாது.” இடறவில்லை. இந்தியப் பதிவில் இதைச் சேர்க்க வேண்டாம், நம் அரசமைப்பின் 58-ஆம் உறுப்பு குடியரசுத் தலைவர் இந்தியக் குடிமகனாக, 35 வயது நிரம்பியவராக, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது, பிறவியைக் கேட்பதே இல்லை.

---

மறு: மறு: ‘இயற்கையாகப் பிறந்த குடிமகன்’ வேண்டாமே

பிறவிக் குடியுரிமைக்கு என் ஆதரவு, பழையதை எடுத்துவிட்டேன். ‘ஏற்பு’தான் உறுத்துகிறது. ஏற்பது நாடா, ஆளா? இலங்கையில் ‘பதிவுப் பிரஜை’ என்கிற மாதிரி ‘பதிவுக் குடியுரிமை’ என்று வைக்கலாமே?

---

மறு: மறு: மறு: ‘இயற்கையாகப் பிறந்த குடிமகன்’ வேண்டாமே

இரண்டு பேரும்தான் ஏற்கிறார்கள் ஐயா, நாடு ஆளை, ஆள் நாட்டை. இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டத்தில் பதிவு வேறு வழி, ‘நேச்சுரலைசேஷன்’ வேறு வழி, தனித்தனிப் பிரிவு. ‘பதிவு’ என்று போட்டால் அங்கே முட்டும். வேறு நல்ல சொல் கிடைக்கிறவரை ‘ஏற்பு’க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.