நைட் ஹால்ட் பஸ்காரர்கிட்ட கேட்டிருக்கலாம்

வாட்ஸ்அப் குழு: கவுஞ்சி வீடு (கவுஞ்சி: கொடைக்கானல் மேல்மலைக் கிராமம்)

சனிக்கிழமை

கோவை அண்ணன், இரவு 8:37
(பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது)
(படம்)
அவசரம்! கொடைக்கானல் – வத்தலக்குண்டு மலைச்சாலையில் டம்டம் பாறை அருகே பெரும் மண்சரிவு. மரங்கள் சாய்ந்து போக்குவரத்து முற்றிலும் நிறுத்தம். அனைவருக்கும் பகிரவும்.

பெரிய மாமா, 8:41
ஐயையோ. காலைல லோடு ஏத்தணுமே.

கோவை அண்ணன், 8:42
பாத்து இருங்க மாமா. ரெண்டு நாளாவது ஆகும்னு பேசிக்கிறாங்க.

பெரிய மாமா, 8:55
சரி மாப்ள. சுமை தூக்குற ஆளுங்கள வர வேண்டாம்னு சொல்லிட்டேன். வேன்கார தம்பிக்கும் சொல்லிவிட்டுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

கொழுந்தன், காலை 9:14
பெரியப்பா, இப்பத்தான் குரூப்பைப் பாக்குறேன். லோடு இல்லைன்னு சொன்னதும் பூண்டிக்காரங்க மூட்டைய ஏத்திட்டு இறங்கிட்டேன். இப்ப கீழ வடுகபட்டி பூண்டுச் சந்தைலதான் நிக்கிறேன். ரோட்டுல ஒரு கல்லு கூட இல்ல பெரியப்பா.

பெரிய மாமா, 9:16
என்னடா சொல்ற. அதுக்குள்ள சரி பண்ணிட்டாங்களா?

கொழுந்தன், 9:19
சரி பண்ண என்ன இருக்கு? நேத்து சாயங்காலம் 6 மணிக்கு அதே வழியாத்தான் ஏறி வந்தேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. விழுந்து கெடக்குற மரத்தோட நிழலு ரோட்டுல தெளிவா விழுந்திருக்கு. நேத்து காலைலருந்து மூட்டம். ஊத்து தாண்டுற வரைக்கும் லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுனேன். வெயிலே இல்லாத நாள்ல நிழலு எப்படி விழும்?

பாப்பா, 9:31
பெரிய தாத்தா, படத்தை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாத்தேன். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எடுத்த படம். யாரோ பழசை எடுத்துப் புதுசா எழுதி விட்டிருக்காங்க.

கோவை அண்ணன், 9:40
மாமா, என்னை மன்னிச்சிருங்க. எங்க ஆபீஸ் குரூப்புல வந்துச்சு. நீங்க காலைல இறங்குவீங்கன்னு தெரியும், அந்தப் பதட்டத்துல யோசிக்காம அனுப்பிட்டேன். ‘ரெண்டு நாள் ஆகும்’னு நான் சொன்னது கூட அந்த குரூப்புல ஒருத்தர் போட்டதுதான். நான் யார்கிட்டயும் விசாரிக்கல.

பெரிய மாமா, 9:44
இருக்கட்டும் மாப்ள. எங்க மேல அக்கறை இருக்கப் போயித்தான அனுப்புனீங்க. பூண்டு வியாழக்கிழமைச் சந்தைக்குப் போகும், கெட்டுப் போற சரக்கா.

நான், 9:58
பெரிய மாமா, நீங்க சொல்ல மாட்டீங்க, நானே சொல்லிடுறேன். நாளைக்கு நகைக்கடனுக்குக் கெடு. இன்னிக்கி சரக்கு போயிருந்தா காசு கைக்கு வந்திருக்கும். பெரியத்தை காதுல கெடந்த தோடு அது. அண்ணனைக் குத்திக் காட்ட இதைச் சொல்லல. ஒரு படத்துக்கு இவ்வளவு விலை இருக்குன்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியணும்.

கோவை அண்ணன், 10:02
தங்கச்சி, நல்லவேளை சொன்னீங்க. மாமா, வட்டிய நான் இப்பவே போட்டு விடுறேன். வியாழக்கிழமை சரக்கு வித்ததும் குடுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.

பெரிய மாமா, 10:20
சரி மாப்ள.

சின்ன மாமா, 11:05
அண்ணே, இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். மனசு கேக்கல. நான் ஆறாவது படிக்கையில பஞ்சாயத்து ரேடியோ ரூம்பு வாசல்ல நாம குந்தியிருந்தது ஞாபகம் இருக்கா? கம்பத்துல குழாய் ஸ்பீக்கர். காலைல 7.15க்கு டெல்லியிலருந்து சேதி வரும். “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி”. பனியில போர்வையப் போத்திக்கிட்டு ஊரே நின்னு கேட்ட குரலு அது. 2022 ஆகஸ்ட்ல அந்தம்மா தவறிட்டாங்கன்னு படிச்ச அன்னிக்கி எனக்கு நம்ம ஊரு ரேடியோ ரூம்பு வாசல்தான் கண்ணு முன்னால வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. முதல்ல தன் பேரைச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம்தான் சேதி. சொல்றது யாருன்னு கேக்குறவனுக்குத் தெரியும். நேத்து வந்த படத்துக்குக் கீழ யாரு பேரு இருக்கு?

பெரிய மாமா, 11:12
ஞாபகம் இல்லாம என்னடா. சேதி முடிஞ்சதும் அப்பா அதைப் பத்தி நாலு பேர்கிட்ட பேசிட்டுத்தான் காட்டுக்குப் போவாரு. ராத்திரி பிபிசி தமிழோசை. 83ல இலங்கைல கலவரம் நடந்தப்ப நம்ம வீட்டு ரேடியோவச் சுத்தி இருபது பேரு நின்னாங்க.

சின்ன மாமா, 11:15
அந்தத் தமிழோசை வானொலியும் 2017 ஏப்ரல் 30ஓட நின்னு போச்சு அண்ணே. இப்ப இணையத்துலதான்.

பாப்பா, 11:18
டிவி எப்ப வந்துச்சு தாத்தா?

பெரிய மாமா, 11:26
கொடைக்கானல்ல டிவி டவரு 1987ல வந்துச்சு தாயி. அதுக்கு முன்னாடி டவுன்ல வசதி உள்ளவங்க வீட்டுல ரூபவாகினி பாப்பாங்க. இலங்கை டிவி. நான் மூட்டை இறக்கப் போனவன் ஒருக்கா ஜன்னல் வழியா பாத்தேன். மாடியில ஒருத்தன் ஆன்டெனாவத் திருப்ப, கீழருந்து ஒருத்தன் “போதும் போதும், போயிருச்சு, திரும்ப திருப்பு”ன்னு கத்துவான். பாதி நேரம் புள்ளிதான் தெரியும். ஆனாலும் கூட்டம் நகராது.

நான், 11:50
(குரல் பதிவு 0:41, அப்பத்தா பேசுனது)
அப்பத்தாவுக்குக் காது மந்தம், அதான் சத்தமா பேசுறாங்க. புரியலைன்னா எழுதியே போடுறேன்: “கஜா அன்னிக்கி கரண்டு போயி நாலு நாளு வரல. எல்லாரு போனும் செத்துப் போச்சு. அன்னிக்கி எங்கிட்ட இருந்த ரேடியோதான் பேசுச்சு. கோடை எஃப்எம்ல சொல்லச் சொல்ல நான் வாசல்ல நின்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் சொன்னேன்.” பேசி முடிச்சதும் ரேடியோவ எடுத்து முந்தானையால தொடைச்சு வச்சிட்டாங்க. 100.5ல திருப்பி வச்ச முள்ளு அப்படியே இருக்கு.

சின்ன மாமா, 11:57
ஆத்தா குரலைக் கேட்டதும் அழுகை வந்துருச்சு. இந்த நெட்டு வராமலே இருந்திருக்கலாம்னு தோணுது.

நான், மதியம் 12:20
சின்ன மாமா, அப்படிச் சொல்லாதீங்க. சென்னைல இருக்கறவங்களுக்கு அந்தக் காலம் அழகாத் தெரியும். இங்க இருந்தவ நான். 2003ல கல்யாணமாகி வந்தேன். எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போட்ட லெட்டரு பத்து நாள் கழிச்சு வந்துச்சு. நான் போயிச் சேந்தப்ப காரியமே முடிஞ்சிருந்துச்சு. அந்தப் பத்து நாளும் நான் இங்க கேரட்டுக் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கி எங்கப்பாவுக்குச் சளி புடிச்சாக்கூட முகத்தைப் பாத்துப் பேசுறேன்.

நான், 12:31
பாப்பா பத்தாவது போனது 2020ல. பள்ளிக்கூடம் பூட்டியாச்சு, பாடம் எல்லாம் போன்ல. வீட்டுக்குள்ள ஒரு புள்ளி சிக்னல் வராது. காட்டுக்கு மேல இருக்கிற அந்தத் தட்டைப் பாறையில மட்டும் வரும். காலைல 9 மணிக்கு யூரியாச் சாக்கு ஒண்ணு, குடை ஒண்ணு, போனைச் சுத்த ஒரு பிளாஸ்டிக் கவர். நான் கீழ களை வெட்டிக்கிட்டே, குடை நிமிந்து இருக்கான்னு பாத்துக்குவேன். காட்டெருமை வந்தா தட்டைத் தட்டணும், அதுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு. மழை வந்தா குடைக்குள்ள நோட்டு மட்டும் நனையாது, புள்ள முழுசா நனைஞ்சிரும். டவரு வந்த அன்னிக்கி அவ வீட்டுக்குள்ள அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு வீடியோவ முழுசாப் பாத்தா. நான் வேலையப் போட்டுட்டு அவ முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

பாப்பா, 12:36
அம்மா. நான் நர்சிங் சேரணும்னு முடிவு பண்ணதே அந்தப் பாறை மேல உக்காந்துதான்.

கொழுந்தன், 12:48
சித்தப்பா, மதினி சொல்றது நெசம். முன்னாடி பெரியப்பா மூட்டைய ஏத்திட்டுப் போயிக் கடைல இறக்குன பெறகுதான் விலையே தெரியும். குறைச்சுக் கேட்டா என்ன பண்றது, மறுபடி மலை ஏத்தவா முடியும்? குடுத்ததை வாங்கிட்டு வருவாரு. இப்ப காலைலயே நான் சந்தைலருந்து ரகம் வாரியா விலையப் போட்டு விடுறேன். சரியில்லைன்னா மூட்டை புகைக்கூண்டுக்குக் கீழயே இன்னும் நாலு நாள் தொங்கும்.

சின்ன மாமா, 12:55
நான் சொன்னது தப்புதாம்மா. உங்கம்மா விசயம் எனக்குத் தெரியாமப் போச்சு.

நான், 1:10
தப்பெல்லாம் இல்ல மாமா. நீங்க சொன்ன ‘யாரு பேரு இருக்கு’ங்கிறது காலைலருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஒண்ணு சொல்லணும், பெரிய மாமா கோவிச்சுக்கக் கூடாது. ராத்திரி வந்து நம்ம ஊர்லயே தங்குற நைட் ஹால்ட் பஸ்ஸு எங்க நிக்குது? பெரிய மாமா வீட்டுத் திண்ணைலருந்து கூப்புட்டா கேக்குற தூரத்துல. நேத்து ராத்திரி 8 மணிக்கு அது வந்துருச்சு. அந்த டிரைவரும் கண்டக்டரும் அதே ரோட்டுல ஏறி வந்தவங்க. படம் வந்தது 8:37க்கு. அப்ப அவங்க பஸ்ஸுக்குப் பக்கத்துல சோறு பொங்கிக்கிட்டு இருந்தாங்க. எந்திரிச்சு நாலு எட்டு நடந்து “ரோடு எப்படித் தம்பி”ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். முன்னாடியெல்லாம் பஸ்ஸு வந்து நின்னா முதல் ஆளாப் போயி விசாரிக்கிறது நீங்கதான் மாமா. கீழ மழையா, யாரு செத்தா, எந்த ஊர்ல திருவிழான்னு அவங்ககிட்ட கேட்டு வந்து எங்களுக்குச் சொல்லுவீங்க. பேப்பரு படிக்க டீக்கடைக்குப் போவீங்க. இப்ப ரெண்டும் இல்ல. போன் கையில இருக்குன்னு பக்கத்துல இருக்கிற மனுசங்கிட்ட கேக்குறதை விட்டுட்டோம். உங்களை மட்டும் சொல்லல. நானும்தான். அடுப்பைச் சுத்தி நாலு பேரு உக்காந்திருக்கோம், நாலு பேரும் தனித்தனியா பாக்குறோம். எவனோ எழுதுன பொய்யி தனியா இருக்கிறவங்கிட்டதான் செல்லும். நாலு பேரு சேந்து கேட்டா ஒருத்தனாவது “நேத்து நான் அந்தப் பக்கம் போனேனே”ம்பான்.

பெரிய மாமா, 1:32
கோவம் என்ன தாயி. நேத்து அந்தக் கண்டக்டர் தம்பி என்னப் பாத்து “சாப்டாச்சாய்யா”ன்னு கேட்டுச்சு. நான் தலைய மட்டும் ஆட்டிட்டு போனுக்குள்ள திரும்பிட்டேன்.

பாப்பா, 1:45
மெசேஜுக்கு மேல ரெட்டை அம்பு இருந்தா அது அஞ்சு கைக்கு மேல மாறி வந்ததுன்னு அர்த்தம். அதை ஒரு நேரத்துல ஒரு குரூப்புக்குத்தான் அனுப்ப முடியும். 2020லருந்து அப்படி வச்சிருக்காங்க. ரெட்டை அம்பைப் பாத்தா நம்ம குரூப்புல போடுறதுக்கு முன்னாடி எனக்குத் தனியா அனுப்புங்க, பாத்துச் சொல்றேன். வார்டுல இருந்தா கொஞ்சம் லேட்டாகும்.

கொழுந்தன், 1:50
ரோடு சேதி போடுறவங்க எந்த இடம், எத்தனை மணி, யாரு பாத்தது, மூணையும் போடுங்க. நானும் இனிமே அப்படித்தான் போடுவேன்.

கோவை அண்ணன், 1:58
சரியான யோசனை. நேத்து படம் போட்ட ஆபீஸ் குரூப்புலயும் அது பழசுன்னு எழுதிட்டேன். அடுத்த வாரம் அப்பத்தாவப் பாக்க வர்றோம். இ-பாஸ் எடுக்கணுமா பாப்பா?

பாப்பா, 2:03
எடுக்கணும் மாமா. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7லருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிக்கு வேணும். வண்டி நம்பரு குடுங்க, நான் போட்டுத் தர்றேன்.

நான், 2:10
வரும்போது அப்பத்தா ரேடியோவுக்கு ரெண்டு பெரிய கட்டை பேட்டரி வாங்கிட்டு வாங்க அண்ணே. இங்க கடையில சின்னதுதான் இருக்கு.

புதன்கிழமை

கொழுந்தன், மாலை 5:25
டம்டம் பாறை. 5:20. நான் பாத்தது. ரோடு சுத்தமா இருக்கு. மச்சூருக்கு மேல ஒரு கொப்பு ஒடிஞ்சு ஓரமாக் கெடக்கு, வண்டி போகும்.

பெரிய மாமா, இரவு 8:22
பஸ்ஸு வந்துருச்சு. டிரைவரையும் கண்டக்டரையும் திண்ணைக்குக் கூப்பிட்டு வரக்காப்பி குடுத்தேன். பெருமாள்மலைலருந்து ஊத்து வரைக்கும் மூட்டமாம். கொப்பை அறுத்து எடுத்துட்டாங்களாம். அப்புறம் கண்டக்டர் தம்பிக்கு வடுகபட்டிதான் சொந்த ஊராம். இத்தனை மாசமா எனக்குத் தெரியாது. அவங்க மாமா பூண்டுக் கடை வச்சிருக்காராம், விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கு.

பெரிய மாமா, 8:24
இது கவுஞ்சி, 8:22, நான் கேட்டது.

கொழுந்தன், 8:30
சரி பெரியப்பா. காலைல 3:45க்கு வாசல்ல நிக்கிறேன். மூட்டைய எறக்கி வைங்க.