"நாங்க கட்டுற வரிதானே அது?" என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

எனக்கு 9 வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய். பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன வாரம் வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரர், "இப்ப என்ன வேலை?" என்றார். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவதாகச் சொன்னேன். "கை கால் நல்லாத்தானே இருக்கு? நாங்க கட்டுற வரிதானே அது?" அவர் கேட்டபோது தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஒரு கையால் பிடித்தால் நழுவிவிடும். அதை அவர் கவனிக்கவில்லை. எனக்கும் பேச்சு எழவில்லை.

சரி, அவரையாவது விட்டுவிடலாம். உதவித்தொகை தரும் அதிகாரிகள் மறுமதிப்பீட்டுக்குக் கூப்பிட்டு, "எவ்வளவு தூரம் நடப்பீங்க? சட்டை பட்டனை நீங்களே போடுவீங்களா?" என்பார்கள். இந்த நோயில் நேற்று முடிந்தது இன்று முடியாது. உடம்பு சூடேறினால் பார்வையே மங்கும். நல்ல நாளைச் சொன்னால் பணம் நின்றுவிடும், மோசமான நாளைச் சொன்னால் நடிக்கிறேன் என்று பார்ப்பார்கள். முடியாததையெல்லாம் வரிசையாக நிரூபித்துவிட்டு வெளியே வரும்போது, உண்மையாகவே ஒன்றுக்கும் ஆகாதவன் என்று எனக்கே தோன்றிவிடுகிறது. உங்களுக்கும் அப்படி உண்டா?

பதில் 1
உண்டு, தம்பிக்காக. அவனுக்கு மூளை முடக்குவாதம், வயது 34. "இவனால யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று அம்மா முன்னாலேயே ஒருவர் சொன்னார். படுக்கைப் புண் வரக் கூடாதென்று அம்மா ராத்திரி எழுந்து எழுந்து அவனைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். இதற்கே சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறும். அம்மா செய்தால் ஏறாது. இந்தக் கணக்கை வைத்துத்தான் தம்பியை அளக்கிறார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டாலே அவன் சிரிப்பான்.

பதில் 2
என்னுடன் வேலை பார்ப்பவர், இப்படி ஓர் ஆளுக்கு அரசுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு உடம்பு நடுங்கியது. நாஜி ஜெர்மனியில் இதையே சுவரொட்டியாக ஒட்டினார்கள்: பரம்பரை நோயுள்ள இவருக்கு ஆயுளுக்கும் 60,000 ரைஷ்மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) செலவு, அது உங்கள் பணமும்தான் என்று. அப்புறம் 1940-41இல் நச்சுவாயு அறைகளில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொன்றார்கள். இதை அவரிடம் சொன்னேன். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை" என்றார். இருக்கலாம், கணக்கு அதே கணக்குதான். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28வது பிரிவு, சமூகப் பாதுகாப்பை உரிமை என்கிறது. சம்பாதித்துக் காட்டியவருக்கு மட்டும் என்று அதில் இல்லை.

முதலில் எழுதியவர்
28வது பிரிவைத் தேடிப் படித்தேன். அடுத்த மாதம் மறுபடி மறுமதிப்பீடு. இன்று பட்டன் போட்டு முடிக்க 11 நிமிடம், நேற்று 3. இரண்டையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.