மூச்சை யார் இழுக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

நீடாமங்கலம் அக்கா:
எங்கள் ஊரில் சாயங்காலம் பதினாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் நுரையீரல். தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து, உள்ளே ஒரு பலூனைத் தொங்கவிட்டு, அடியில் இன்னொரு பலூனைக் கிழித்து இழுத்துக் கட்டினேன். கீழ்ப் பலூனை இழுத்தால் உள்ளே இருப்பது உப்பும். எல்லாரும் கை தட்டினார்கள். ஐந்தாவது படிக்கிற ஒரு பெண் மட்டும், "அக்கா, இந்தக் கீழ்ப் பலூன் எனக்கு எங்கே இருக்கு? அதை யார் இழுக்கிறா?" என்று கேட்டாள். உதரவிதானம் என்று புத்தகத்துச் சொல்லைச் சொன்னேன். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் உடம்பிலேயே காட்ட வழி இருக்கிறதா?

மன்னார்குடி வாத்தியார் (ஓய்வு):
அந்தப் பிள்ளை சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள் அம்மா. பாட்டிலை ஓரமாக வையுங்கள். பாய் விரித்து எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே ஆளுக்கொரு சின்ன வெறுஞ்சொம்பை வையுங்கள். மூச்சை இழுத்தால் சொம்பு ஏறும், விட்டால் இறங்கும். காற்று வயிற்றுக்குள் போகிறது என்றுதான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும். அப்புறம் விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விளிம்பை ஒட்டி உள்ளே, கவிழ்த்த சட்டி மாதிரி குறுக்கே ஒரு தசை இருக்கிறது. அதுதான் உதரவிதானம். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும். நெஞ்சுக்கூட்டில் இடம் கூடும், காற்று உள்ளே வரும். கீழே இருக்கிற குடலுக்கு இடம் போதாமல் வயிறு முன்னால் தள்ளும். சொம்பைத் தூக்குவது அதுதான்.

அதே தசை வெடுக்கென்று சுண்டினால் விக்கல். "யாரோ நினைக்கிறாங்க" என்று தண்ணீர் கொடுப்பார்களே, அந்த விக்கலைச் சொல்லிவிட்டால் உதரவிதானத்தை ஒரு பிள்ளையும் மறக்காது. இதெல்லாம் ஆன பிறகு பாட்டிலை எடுங்கள். முப்பது வருஷம் இந்தப் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், பாட்டிலை முதலில் காட்டினால் அது பலூன் விளையாட்டாகவே நின்றுவிடுகிறது.

இதயத்துக்கும் இப்படித்தான். நோட்டு அட்டையைக் குழலாகச் சுருட்டி, பக்கத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டிக் கேட்டதில்தான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அந்த லப்-டப் வால்வுகள் மூடுகிற சத்தம். மதகு என்றால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனால் மதகை ஆள் இறக்க வேண்டும், இதய வால்வை ரத்தமே தள்ளித் திறக்கிறது, மூடுகிறது. அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

திருவாரூர் நர்ஸ்:
முடிந்தால் ஒரு ஆட்டு நுரையீரல் வாங்குங்கள். கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் மூச்சுக்குழாயோடு முழுசாகத் தருவார்கள். கத்தி பட்டு ஓட்டை விழுந்தால் உப்பாது. வாய் வைத்து ஊத வேண்டாம், சைக்கிள் பம்ப் போதும். சுருங்கிக் கிடந்தது வெளிறிக்கொண்டே விரியும்போது ஒரு பிள்ளையும் பேசாது. உள்ளே வெறும் பை இல்லை, பஞ்சு மாதிரி என்று விரலால் அமுக்கினாலே தெரியும். கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பாபநாசத்து அம்மா:
செரிமானப் பாடம் வரும்போது இதைச் செய்யுங்கள். குழம்பு ஊற்றாத வெறுஞ்சோறு ஒரு கவளம், விழுங்காமல் இரண்டு நிமிஷம் மெல்லச் சொல்லுங்கள். இனிக்கும். எச்சில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க ஆரம்பித்துவிடுகிறது. மூணு வேளையும் சோறு தின்கிற என் மகன் எட்டு வயசில்தான் இதை முதன்முதலாகக் கவனித்தான்.

நீடாமங்கலம் அக்கா:
ரொம்ப நன்றி சார். நேற்றுப் பாயை விரித்தோம். அந்தப் பெண் தன் சொம்பையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு வந்ததும், "தாத்தா தூங்கும்போது வச்சுப் பார்த்தேன் அக்கா, அவருக்கு ரொம்ப மெதுவா ஏறுது. தூங்கும்போது யார் இழுக்கிறா?" என்கிறாள். இதற்கு என்ன செய்து காட்டலாம்?