'கெம்பீரம்', 'அக்களிப்பு': இச்சொற்களை நாங்கள் உணர்ந்த இடங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

யானையின் நடையையோ ஒருவருடைய தோற்றத்தையோ குறித்துப் பொதுவழக்கில் நாம் சொல்லும் 'கம்பீரம்' வேறு. புராட்டஸ்டண்டு சபையினரான எங்கள் வேதாகமத்தில் வரும் 'கெம்பீரம்' வேறு. பின்னது வாய்விட்டு முழங்கும் வெற்றிக்களிப்பைக் குறிப்பது. "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்" என்னும் 126ஆம் சங்கீத வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்புவித்திருக்கிறேன். ஆனால் விதைக்கிறவன் ஏன் அழவேண்டும் என்று அப்போது யோசித்ததில்லை. மானாவாரி நிலத்தில் பயிர்செய்து வாழ்ந்த என் தாத்தாதான் அதை எனக்கு விளக்கினார். மழை பொய்த்த ஆண்டில், உலை வைக்கத் தானியம் இல்லாத வீட்டிலும், விதைக்கென்று கட்டிவைத்த மூட்டையை அவிழ்க்க மாட்டார்கள் என்றும், பிள்ளைகள் பசித்திருக்க அதைக் கொண்டுபோய் மண்ணில் தூவுகிறவன் அழாமல் வேறென்ன செய்வான் என்றும் அவர் கேட்டார். அடுத்த வசனத்தில் அதே மனிதன் அரிகளை, அதாவது அறுத்த கதிர்க்கட்டுகளை, சுமந்துகொண்டு கெம்பீரத்தோடே திரும்பி வருகிறான். எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையில் நெற்கட்டும் வாழைத்தாரும் ஆலயத்துக்குள் வரும்போதெல்லாம், அந்தக் களிப்புக்குக் கொடுக்கப்பட்ட விலையையே நான் நினைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கத்தோலிக்கர்களாகிய நாங்கள் இவ்வசனத்தை 'அக்களிப்போடு' என்று வாசிக்கிறோம். அச்சொல்லின் பொருளை நான் உணர்ந்தது, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில். பெரிய வியாழன் இரவிலிருந்து ஒலிக்காதிருந்த மணிகள், திருவிழிப்பில் 'உன்னதங்களிலே' என்னும் புகழ்ப்பாடலைப் பாடத் தொடங்கியதும் ஒருசேர ஒலிக்கும். அதற்கு முன்பே, பாஸ்காத் திரி என்னும் பெரிய மெழுகுதிரியின் அருகே நின்று பாஸ்கா புகழுரை பாடப்படும். இலத்தீனில் அதற்கு 'எக்சுல்தெத்' என்று பெயர், 'அக்களிப்பதாக' என்னும் அதன் முதற்சொல்லே பெயராகிவிட்டது. அப்பாவை அடக்கம் செய்த ஆண்டில், பாட வாய் வராமல் நின்றிருந்த என் அம்மா, மணியோசை எழுந்ததும் எல்லாரையும்விட உரத்த குரலில் பாடினார். அது துக்கத்தை மறந்த மகிழ்ச்சி அன்று. சாவு தோற்றுவிட்டது என்று நம்புகிற ஒருவரால் மட்டுமே அப்படிப் பாட இயலும்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே இருவரும் எழுதியதோடு வேதாகமத்தின் எஸ்றா புத்தகம் 3ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன். எருசலேமில் சாலொமோன் ராஜா கட்டிய ஆலயத்தைப் பாபிலோனியர் இடித்து ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்துப் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழ, மற்றவர்கள் கெம்பீரமாய் ஆர்ப்பரிக்க, எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியவில்லை. எங்கள் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் புதியதற்குக் கல் நாட்டிய நாளில் எங்கள் சபைப் போதகரான ஐயர் இந்தப் பகுதியைத்தான் வாசித்தார். அங்கே ஞானஸ்நானமும் திருமணமும் பெற்றிருந்த பெரியவர்கள் கண்ணீர்விட, இளைஞர்கள் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அழுதவர்களை யாரும் அடக்கவில்லை. அன்று எருசலேமில் அழுத முதியவர்களையும் யாரும் அடக்கியதாக அந்த அதிகாரத்தில் எழுதப்படவில்லை.