பொருள்: ‘எக்ஸ்ட்ரேனியஸ் ரூட்’ – புகுமூலம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சமன்பாட்டைத் தீர்க்கும் வழியில் கிடைத்தும், தொடக்கச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் பொருந்தாத விடையாகிய ‘எக்ஸ்ட்ரேனியஸ் ரூட்’ என்பதற்கு இவ்விழையில் முன்மொழியப்பட்ட போலி மூலம், வெளிமூலம், பொருந்தா மூலம் ஆகிய மூன்றையும் என் மகளின் வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் வைத்துப் பார்த்தேன். √(அ + 6) = அ என்ற சமன்பாட்டை இருபுறமும் வர்க்கப்படுத்தி, அ² − அ − 6 = 0 எனக் கொணர்ந்து, காரணிப்படுத்தி, 3, −2 என இரு விடைகளை அவள் எழுதியிருந்தாள்; −2-இன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும் இருந்தது. “எந்த வரியிலும் பிழையில்லை, பிறகு இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்டாள். நாம் ஆக்கும் சொல் இக்கேள்விக்கு விடை தர வேண்டும்.

2, −2 இரண்டும் வேறு எண்களாயினும் இரண்டின் வர்க்கமும் 4 என்பதால், வர்க்கப்படுத்தும் அந்த ஒரு படியில் √(அ + 6) = −அ என்ற பக்கத்து வீட்டுச் சமன்பாடும் உள்ளே வந்துவிடுகிறது. −2 அதற்கு உரிய மூலம்; அங்கே இட்டுப் பார்த்தால் 2 = 2 எனச் சரியாக அமையும். ஆகவே அதைப் போலி என்பது பொருந்தாது. வெளிமூலம் என்றாலோ சித்த மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் சிரிப்பு அடங்க நேரமாகும்.

பொருந்தா மூலம் நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். 12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டின் மூலைகளில் அ பக்கமுள்ள சதுரங்களை வெட்டி, மடித்து, பெருமக் கனஅளவுள்ள பெட்டி செய்யும் கணக்கில், அ(12 − 2அ)² என்பதன் வகைக்கெழுவைச் சுழியாக்கினால் 2, 6 கிடைக்கும். 6 எங்கிருந்தும் புகவில்லை. அச்சமன்பாட்டின் மெய்யான மூலமே. 6 வெட்டினால் தகடே மிஞ்சாது என்பதால் கணக்குக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே.

எனவே முன்னதற்குப் ‘புகுமூலம்’ என்ற வினைத்தொகையை முன்வைக்கிறேன். புகுமுக வகுப்பு என்று பழகிய காதுக்கு இது அயலாகப் படாது. இடைச்செருகல் என்ற சொல்லின் மேல் முதலில் எனக்கு ஆசை இருந்தது, ஆனால் வணிகக் கணிதத்தில் அது வேறு பொருளில் நிலைத்துவிட்டது. மடக்கைக் கணக்குக்கும் புகுமூலம் ஒத்துவருகிறது: மட₂ அ + மட₂ (அ − 2) = 3 என்பதில் இரு மடக்கைகளையும் சேர்த்து எழுதியதும் 4-உடன் −2-உம் நுழைகிறது; குறை எண்ணுக்கு அங்கே மடக்கை இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் பெயரின்றிக் கிடக்கிறது. அ² = 5அ என்பதை இருபுறமும் அ-ஆல் வகுத்துவிட்டு 5 என்று மட்டும் எழுதுகிற மாணவர் 0-ஐத் தவறவிடுகிறார். அதை ‘நழுவுமூலம்’ எனலாமா, இதைவிடச் சுருக்கமாக ஏதேனும் அகப்படுமா என்று சொல்லுங்கள்.