மகள் புட்போல் பழகப் போகவேணும் என்கிறாள், விடலாமா?

கொட்டாஞ்சேனை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 12 வயது, ஏழாம் ஆண்டு. நாங்கள் இருக்கிற தொடர்மாடிக்குக் கீழே பின்னேரங்களில் தம்பியோடும் அவனுடைய கூட்டாளிமாரோடும் பந்தடிப்பாள். மட்டக்குளிப் பக்கம் சனிக்கிழமை காலையில் பெண் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்களாம், அங்கே போகவேணும் என்று மூன்று கிழமையாக ஒரே கரைச்சல். மாமி கூடவே கூடாது என்கிறா. வெயிலில் கறுத்துப் போவாளாம், பெரியபிள்ளையாகிற வயதாம், காலை முறித்துக்கொண்டால் நாளைக்கு யார் கட்டுவான் என்கிறா. அவர் இந்தக் கதைக்குள்ளேயே வரமாட்டார். சனிக்கிழமை கணக்கு டியூஷனும் இருக்கிறது. எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னென்ன வாங்க வேணும்? காயம் வருமா? மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வெள்ளவத்தை வாசகர்:

என் அபிப்பிராயம், ஓ/எல் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் பட்மின்டன் விடுங்க. உள்ளரங்கில் விளையாடலாம், வெயிலும் இல்லை, இடிபடவும் தேவையில்லை.

பழைய கோல்கீப்பர்:

தங்கச்சி, விடுங்க. ஓ/எல் வரைக்கும் பொறுத்தால் அந்தப் பிள்ளை திரும்பி வராது. எனக்கு அறுபது வயது, எனக்கு நடந்தது அதுதான்.

மட்டக்குளியில் ஒரு ஒழுங்கையில் வளர்ந்தேன். நான்கு அண்ணன்மார், கோலுக்கு நிற்க ஆளில்லை, என்னை நிறுத்தினார்கள். இரண்டு செங்கல் வைத்தால் அதுதான் கோல். அப்பா துறைமுகத்தில் வேலை. வந்து படியில் குந்திக்கொண்டு, "பாயாதே, முதலில் காலை நகர்த்து, பிறகு கை தானாகப் போகும்" என்பார். இன்றைக்கும் கோலுக்கு நிற்கிற பிள்ளைக்கு நான் சொல்கிற முதல் பாடம் அது. 1977இல் பெரியபிள்ளையானேன். யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. சடங்கெல்லாம் முடிந்து ஒரு நாள் வெளியே வந்து பார்த்தால் என் செங்கல்லுக்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பொடியன் நிற்கிறான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் கோட்டுக்கு வெளியே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை இரவில் அண்ணன்மாரின் டீமுக்குப் பதினொரு ஜேர்சி தோய்ப்பேன். சந்தாக் கொப்பி என் கையெழுத்து. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டி உப்புத் தடவிக் கொடுப்பேன். 83 ஆடிக் கலவரத்தோடு அந்த டீமில் பாதிப் பேர் இல்லை, என் இரண்டு அண்ணன்மாரும் வெளிநாடு போய்விட்டார்கள். பந்தையும் வலையையும் தன் வீட்டில் ஒளித்துவைத்து, அடுத்த வருஷம் கொண்டுவந்து தந்தவன் எங்களோடு விளையாடின ஒரு சிங்களப் பொடியன். அந்த வலையைத் தைத்துத் தைத்து இன்னும் பத்து வருஷம் கட்டினோம்.

1995இல் சுகததாச அரங்கில் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று மேலதிக நேரத்தில் வென்றதே, அன்றைக்கு இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அங்கே நின்றேன். கோல் விழுந்ததும் பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஆட்களெல்லாம் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். வீட்டுக்கு வருகிற வழியில்தான் யோசித்தேன், இவள் வளர்ந்து விளையாடக் கேட்டால் எங்கே கூட்டிப்போவேன் என்று. அவளுக்கு எட்டு வயதானபோது நானே பழக்கத் தொடங்கினேன். நாலு பிள்ளைகள், ஒரு பந்து. மத்தியஸ்தர் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில், தேநீர்ப் பொறுப்பு வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். அடுத்த வருஷமும் போனேன். மூன்றாம் வருஷம்தான் எடுத்தார்கள்.

2012 செப்டெம்பரில் தெற்காசியப் பெண்கள் கிண்ணம் கொழும்பிலேயே நடந்தது, ஸீ.ஆர். அன்ட் எஃப்.ஸி. மைதானத்தில். எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். நாட்டின் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடுவதை என் கண்ணால் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன், 47 வயதில். எங்கள் அணி அரையிறுதி வரைக்கும் வந்தது, கிண்ணம் இந்தியாவுக்குப் போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பிள்ளை, ஆட்டம் முழுக்க எங்கள் கோல்கீப்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பந்து அந்தக் கோடியில் இருந்தாலும் பார்வை இந்தக் கோடியில்தான். திரும்பி வருகிற பஸ்ஸில், "அன்ரி, அவ பந்து இல்லாத நேரமும் கதைச்சுக்கொண்டே இருக்கிறா" என்றது. அது விளங்கிவிட்டால் பாதி கோல்கீப்பர். மழைக்கும் வெயிலுக்கும் அதற்குப் பிறகு ஆறு வருஷம் வந்தது.

உங்கள் மாமிக்கு ஒன்று சொல்லுங்க. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று 1921இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமே சொல்லி, தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அதற்கு முதல் வருஷம் லிவர்பூலில் பெண்கள் ஆடின ஒரு ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்கள். அந்தத் தடையை எடுக்க ஐம்பது வருஷம் போனது. ஆகவே மாமியைக் குறை சொல்லாதீங்க, அவவையும் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்க. என் அம்மா வந்து பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை, அடுத்த கிழமை பிளேன்ரீப் போத்தலோடு வந்தா.

இனி நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். பூட்ஸ் இப்போது வாங்காதீங்க, முதல் மூன்று மாதம் கன்வஸ் சப்பாத்து போதும், இந்த வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும். ஷின் காட், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டுகிற காப்பு, அது மட்டும் கட்டாயம், அது இல்லாமல் ஆட்டத்தில் இறக்கவே முடியாது. வீட்டில் பழக 4ஆம் இலக்கப் பந்து வாங்குங்க, 13க்கு மேல் 5ஆம் இலக்கம். பொடியன்மாரின் பெரிய பந்தை இப்போதே உதைத்தால் இடுப்பும் முழங்காலும் நோகும்.

காயம் வரும், மறைக்கமாட்டேன். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலுக்கு உள்ளே இருக்கிற நார் அறுபடுவது பொடியன்மாரை விட அதிகம். பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிவதுதான் பெரிய கெடுதல். அதற்காகவே பீஃபா ஒரு பயிற்சி வைத்திருக்கிறது, "11 பிளஸ்" என்பார்கள், இருபது நிமிஷம்: மெல்ல ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, பாய்ந்து சரியாக இறங்குவது. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள் 1,800 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள், மோசமான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. பழக்குகிறவர் பந்தைக் கொடுக்கமுதல் இதைச் செய்விக்கிறாரா என்று பாருங்க. செய்விக்காவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரிது. என்னிடம் வந்த பிள்ளைகளில் அதிகம் பேர் நின்றது 12க்கும் 14க்கும் நடுவில். ஆட்டம் வராமல் நின்றவர்கள் குறைவு. கழிப்பறைக்குப் பூட்டு இல்லை, காற்சட்டை வெள்ளை, கறை பட்டால் போய்ச் சொல்ல ஒரு பெண் கூட மைதானத்தில் இல்லை. அதுதான் காரணம். நாங்கள் 2004இலேயே கறுப்புக் காற்சட்டைக்கு மாறினோம். இங்கிலாந்துப் பெண்கள் அணி வெள்ளையை விட்டு நீலத்துக்கு வந்தது 2023இல்தான். என் பையில் எப்போதும் பேட், ஒரு மாற்றுக் காற்சட்டை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் இரண்டு பைக்கற்று, கழிப்பறைக் கதவுக்கு என்று நான் வாங்கின ஒரு கொண்டி. நீங்கள் போகிற இடத்தில் இதெல்லாம் இல்லாவிட்டால் நீங்களே கோட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்க. ஆட்டம் தெரியாவிட்டால் பரவாயில்லை.

மாளிகாவத்தை உம்மா:

கோல்கீப்பர் அக்கா சொன்னது உண்மை. என் மகள் தலையை மூடிக்கொண்டு விளையாடுகிறாள். ஒரு ஆட்டத்தில் கழற்றச் சொன்னார்கள், பிள்ளை அழுதுகொண்டு வெளியே வந்தாள். 2014இலேயே உலக உதைபந்தாட்ட விதியில் தலையை மூட அனுமதித்துவிட்டார்கள் என்று பிறகுதான் அறிந்தோம். நிறம் கறுப்பாக அல்லது ஜேர்சியின் நிறமாக இருக்கவேணும், ஜேர்சியோடு சேர்த்துக் குத்தக்கூடாது, ஊசி கூடவே கூடாது. இழுத்துப் போடுகிற துணியில் நானே தைத்துக் கொடுத்தேன். தேவையான ஆட்களுக்கு அளவு சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை அம்மா:

நேற்று இரவு எல்லாவற்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். செங்கல் கதையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. காலையில், எத்தனை மணிக்குப் போகவேணும் என்று கேட்கிறா. டியூஷன் சேரிடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மாற்றித்தரக் கேட்டிருக்கிறேன். கழிப்பறையையும் போய்ப் பார்த்தேன் அக்கா. பூட்டு இல்லை.

பழைய கோல்கீப்பர்:

கொண்டி நான் கொண்டுவருகிறேன், ஸ்குரூ டிரைவர் இருந்தால் நீங்கள் கொண்டுவாங்க. ஆறே காலுக்கு வந்தால் பிள்ளைகள் வரமுதல் பொருத்திவிடலாம். நாளைக்கு மழை என்றாலும் பழக்குவார்கள், மகளுக்கு ஒரு மாற்றுச் சட்டை வையுங்க. மாமிக்குக் குடையும் ஒரு கதிரையும்.